பயோபிரிண்டிங் நாஸில் சிமுலேஷன் தப்பா வருதா? அறிகுறியை வச்சு எங்க தேடணும்

பயோபிரிண்டிங்னா செல் கலந்த ஜெல்லை இங்க்கா ஊசி வழியா தள்ளி அச்சடிக்கிறது, அந்த ஊசிக்குள்ள நடக்குற ஓட்டத்தைத்தான் சிமுலேட் பண்றோம். எங்க லேப்ல வருஷா வருஷம் புதுசா சேர்ற பசங்கள்ல யாராவது ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அக்கா, ரன் வெடிச்சிருச்சு"ன்னு நிப்பாங்க. இல்லன்னா "அக்கா, ரன் அழகா முடிஞ்சிருச்சு, ஆனா சிமுலேஷன் 158 கிலோபாஸ்கல் கேக்குது, பிரிண்டர்ல 60 வச்சாலே இங்க் வந்துருது"ன்னு நிப்பாங்க. நான் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேக்குறேன், அதனால மொத்தத்தையும் இங்க எழுதி வச்சுடறேன். ஓப்பன்ஃபோம்ங்கற ஃப்ளோ சிமுலேஷன் சாஃப்ட்வேர் வச்சுதான் எழுதுறேன், காம்சோல், ஃப்ளூயன்ட் யூஸ் பண்றவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். தியரி எதுவும் கிடையாது, ஷியர் தின்னிங்னா வேகமா ஓட்டினா இளகுற திரவம்னு தெரிஞ்சா போதும்.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல கைக்கணக்கு

இதைப் போடாம யாரும் என்கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். நேரான ஊசிக்கு பவர் லா இங்க்னா (ஸ்ட்ரெஸ் = கன்சிஸ்டன்சி × ஷியர் ரேட் பவர் இன்டெக்ஸ்) பிரஷர் எவ்வளவு வரணும்னு கால்குலேட்டர்லயே ரெண்டு நிமிஷத்துல போட்டுடலாம், அந்த ஒரு நம்பர் கையில இல்லன்னா சிமுலேஷன் சொல்றது சரியா தப்பான்னு எதை வச்சு சொல்லுவீங்க?

நான் எப்பவும் எடுக்குற உதாரணம் இது. 27 கேஜ் நேரான மெட்டல் ஊசி, உள்விட்டம் 0.2 மி.மீ, நீளம் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. இங்க் சராசரியா செகண்டுக்கு 10 மி.மீ வேகத்துல போகுது. ரியோமீட்டர் (விஸ்காசிட்டி அளக்குற மெஷின்) டேட்டா ஃபிட்ல வந்த கன்சிஸ்டன்சி 50, இன்டெக்ஸ் 0.4, அடர்த்தி 1000.

8 × வேகம் ÷ விட்டம், அதாவது 8 × 10 ÷ 0.2 = 400. இது தண்ணி மாதிரி திரவத்துக்கான ஷியர் ரேட். ஷியர் தின்னிங் இங்க்குக்கு இதை (3 × 0.4 + 1) ÷ (4 × 0.4) = 1.375 ஆல பெருக்கணும், 550 வரும். இதுதான் சுவர்கிட்ட இருக்குற நிஜ ஷியர் ரேட், செகண்டுக்கு 550. அடுத்து 550 பவர் 0.4 போட்டா சுமார் 12.5, அதை 50ஆல பெருக்கினா சுவர் ஷியர் ஸ்ட்ரெஸ் சுமார் 624 பாஸ்கல். கடைசியா ஸ்ட்ரெஸ் × 4 × நீளம் ÷ விட்டம், 624 × 4 × 12.7 ÷ 0.2, கிட்டத்தட்ட 158 கிலோபாஸ்கல். 624ஐ 550ஆல வகுத்தா சுவர்கிட்ட விஸ்காசிட்டி 1.13 பாஸ்கல்-செகண்ட், இதையும் குறிச்சு வச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

உங்க நாஸில் கூம்பு வடிவமா இருந்தாலும் முதல் ரன்னை நேர் ஊசிக்கு ஓட்டுங்க. அது கைக்கணக்கோட ரெண்டு மூணு சதவீதத்துக்குள்ள ஒத்துப்போனதுக்கு அப்புறம் கூம்புக்குப் போங்க.

## அறிகுறி: ரன் ஆரம்பிச்ச உடனே வெடிக்குது

ரெசிடியுவல் (கணக்குல இன்னும் மிச்சமிருக்குற பிழை) நாலஞ்சு ஸ்டெப்லயே எகிறி, ஃப்ளோட்டிங் பாயின்ட் எர்ரர்னு நின்னுடும். செலவில்லாத காரணத்துல இருந்து போவோம்.

இன்டெக்ஸ் மைனஸ்ல இருக்கான்னு பாருங்க. எக்ஸெல்ல விஸ்காசிட்டிக்கும் ஷியர் ரேட்டுக்கும் டிரெண்ட்லைன் போட்டா வர்ற பவர் −0.6ன்னு இருக்கும், அது இன்டெக்ஸ் கிடையாது, அதோட 1 கூட்டினாதான் இன்டெக்ஸ், 0.4. நேரா −0.6ஐ தூக்கிப் போட்டவங்க எத்தனை பேரோ. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் ஷியர் ரேட்டுக்கும் டிரெண்ட்லைன் போட்டிருந்தா மட்டும் வர்ற பவரே இன்டெக்ஸ்.

டர்புலன்ஸ் மாடல் ஆன்ல இருக்கா? பழைய கேஸைக் காப்பி பண்ணும்போது கூடவே வந்துடும். நம்ம உதாரணத்துல ரெனால்ட்ஸ் நம்பர் 0.002 கூட இல்ல. லேமினார்னு மாத்துங்க, வேற யோசனையே வேண்டாம்.

அடுத்தது நடுக்கோட்டு விஷயம். குழாயோட நடுவுல ஷியர் ரேட் பூஜ்யம், பவர் லா படி அங்க விஸ்காசிட்டி முடிவில்லாம ஏறும். அதுக்குத்தான் நியூமேக்ஸ்னு மேல் வரம்பு. என் அனுபவத்துல சுவர் விஸ்காசிட்டி மாதிரி 1000 மடங்கு வச்சா போதும், நம்ம உதாரணத்துல அடர்த்தியால வகுத்த கணக்குல சுமார் 1. சும்மா பாதுகாப்புக்குன்னு 10 பவர் 6 எல்லாம் வச்சா சால்வர் திணறத்தான் செய்யும்.

இதுக்கும் அடங்கலன்னா பூஜ்ய வேகத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. இன்டெக்ஸ் 1, விஸ்காசிட்டி 1.13னு முதல்ல சாதா திரவமா ஒரு ரன் முடிச்சு, அந்த ரிசல்ட்டையே ஆரம்ப நிலையா வச்சு இன்டெக்ஸை 0.7க்கு, அப்புறம் 0.4க்கு இறக்குங்க. ஒவ்வொரு படியிலயும் சுவர் விஸ்காசிட்டி அதே 1.13 வர்ற மாதிரி கன்சிஸ்டன்சியையும் மாத்தணும், இதை மறந்துட்டு இன்டெக்ஸை மட்டும் மாத்தினா படிப்படியா போறதுல பிரயோஜனமே இல்ல. ரிலாக்சேஷன் பிரஷருக்கு 0.2, வேகத்துக்கு 0.5ன்னு இறக்கிக்கோங்க. உள்ள வர்ற இடத்துல பிரஷர் கொடுத்திருந்தா அதை மாத்தி ஃப்ளோ ரேட் கொடுங்க, ரொம்ப சாதுவா நடந்துக்கும்.

டைம் ஸ்டெப் வச்சு ஓட்டுற சால்வர்லதான் வெடிக்குதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்: மெஷ் செல் (கணக்குக்காகக் குழாயைப் பிரிச்ச சின்னக் கட்டம்) 5 மைக்ரான், விஸ்காசிட்டியை அடர்த்தியால வகுத்தா 0.001, அப்ப எக்ஸ்ப்ளிசிட்டா கணக்கு போடற பகுதிக்கு டைம் ஸ்டெப் 0.000000025 செகண்ட் அளவுல இருக்கணும். கூரான்ட் நம்பர் (ஒரு டைம் ஸ்டெப்ல திரவம் எத்தனை செல் தாண்டுதுங்கறது) 0.5க்குக் கீழதானே இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க, இங்க கட்டுப்படுத்துறது அது இல்ல. நேர் ஓட்டம்தான் வேணும்னா ஸ்டெடி சால்வருக்கு மாறுங்க.

யீல்ட் ஸ்ட்ரெஸ் (ஓட ஆரம்பிக்கவே தேவையான ஸ்ட்ரெஸ்) உள்ள இங்க், உதாரணமா 25, 30 சதவீத ப்ளூரானிக் எஃப்127, ஹெர்ஷல் பல்க்லி மாடல்ல வெடிச்சா யீல்ட் ஸ்ட்ரெஸ்ஸைக் கால்வாசியில ஆரம்பிச்சு ஏத்துங்க. அதுலயும் வெடிச்சா கூம்பும் ஊசியும் சேர்ற இடத்துல மெஷ் கோணலா இருக்கான்னு செக்மெஷ் ஓட்டிப் பாருங்க.

இத்தனையும் பண்ணியும் நிக்கலன்னா, ஒரு வாரத்துக்கு மேல மல்லுக்கட்டாதீங்க, சிஎஃப்டி (திரவ ஓட்ட சிமுலேஷன்) தெரிஞ்சவங்ககிட்ட கேஸ் ஃபோல்டரோட போங்க. இந்த மாதிரி வெடிப்பை அவங்க மெஷ்ஷைப் பாத்த உடனே பிடிச்சுடுவாங்க.

## அறிகுறி: ரன் முடிஞ்சிருச்சு, ஆனா பிரஷர் கைக்கணக்கோட பல மடங்கு விலகுது

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, ஏன்னா தப்பு எத்தனை மடங்குன்னு பாத்தாலே யார் பண்ண வேலைன்னு சொல்லிடலாம். கைக்கணக்கையும் சிமுலேஷனையும் வகுத்து ஒரு நம்பர் எடுங்க.

1000 மடங்கு கம்மின்னா பெரும்பாலும் தப்பே இல்ல. ஓப்பன்ஃபோம்ல இன்கம்ப்ரஸிபிள் சால்வர் பிரஷரை அடர்த்தியால வகுத்துதான் காட்டும், 158.5ன்னு வந்தா 1000ஆல பெருக்கினா பாஸ்கல்ல 158,500.

1000 மடங்கு அதிகம்னா கன்சிஸ்டன்சியை அடர்த்தியால வகுக்காம போட்டிருப்பீங்க, 50க்கு பதிலா அங்க 0.05 போகணும். இல்லன்னா ரியோமீட்டர் ஃபைல்ல விஸ்காசிட்டி மில்லிபாஸ்கல்-செகண்ட்ல இருந்திருக்கும். ரெண்டு தப்பும் சேர்ந்தா பத்து லட்சம் மடங்கு, அதையும் பாத்திருக்கேன். யீல்ட் ஸ்ட்ரெஸ்ஸையும் அடர்த்தியால வகுக்கணும், அதை நிறைய பேர் மறந்துடறாங்க.

சுமார் 16 மடங்கு கம்மின்னா மெஷ் மில்லிமீட்டர்லயே இருக்கு, மீட்டருக்கு மாத்தல. வேகம் அதே, ஆனா குழாய் 1000 மடங்கு பெருசு, அதனால ஷியர் ரேட் 1000 மடங்கு கம்மி, 1000 பவர் 0.4 போட்டா 15.8. உங்க இன்டெக்ஸ் 0.5ன்னா 32 மடங்கு வரும், அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்கோங்க. செக்மெஷ் காட்டுற பவுண்டிங் பாக்ஸ்ல ஊசி நீளம் 12.7ன்னு இருக்கா 0.0127ன்னு இருக்கா, ஒரே பார்வையில தெரியும்.

சுமார் ஐந்தரை மடங்கு அதிகம்னா 5 டிகிரி வெட்ஜ் மெஷ்ஷுக்கு (குழாயோட ஒரு துண்டு மட்டும்) முழுக் குழாயோட ஃப்ளோ ரேட்டைக் கொடுத்திருக்கீங்க. 360ல 5, அதாவது 72ல ஒரு பங்குதான் கொடுக்கணும், 72 பவர் 0.4 போட்டா 5.5.

2.6 மடங்கு கம்மின்னா விட்டத்தை ஆரம்னு எடுத்து மெஷ் போட்டிருக்கீங்க, வேகம் கொடுத்து ஓட்டினா இந்த நம்பர். ஃப்ளோ ரேட் கொடுத்து ஓட்டியிருந்தா 4.6 மடங்கு... இல்ல, இதைத் தெளிவா சொல்லிடறேன், ஃப்ளோ ரேட் முழுக் குழாய்க்கும் அதேதான்னா ஷியர் ரேட் 8 மடங்கு குறையும், ஸ்ட்ரெஸ் 2.3 மடங்கு, அதோட நீளம்-விட்டம் விகிதத்துல ஒரு 2, மொத்தம் 4.6.

3 மடங்கு கிட்ட அதிகம்னா இன்டெக்ஸ் 0.4க்கு பதிலா 0.6 போயிருக்கு. இது எங்க நடக்கும்னா கிராஸ் மாடல்ங்கற விஸ்காசிட்டி ஃபார்முலால. ஓப்பன்ஃபோம்ல பேர்டு-கேரோ மாடல்ல கேக்குற இன்டெக்ஸ் நம்ம வழக்கமான இன்டெக்ஸ்தான், ஆனா கிராஸ் மாடல்ல அதே எழுத்துல கேக்குறது 1ல இருந்து இன்டெக்ஸைக் கழிச்சது. பேர் ஒண்ணு, அர்த்தம் வேற. ஒரு மாடல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது 0.1, 1, 10, 100, 1000 ஷியர் ரேட்ல விஸ்காசிட்டி என்ன வருதுன்னு கையால போட்டு ரியோமீட்டர் கிராஃப் மேல வச்சுப் பாருங்க.

சொந்தமா விஸ்காசிட்டி கோட் எழுதினவங்க ஷியர் ரேட்டுக்கு முன்னாடி ரூட் 2 விட்டுப்போச்சான்னு பாக்கணும். அது விட்டுப்போனா பிரஷர் சுமார் 23 சதவீதம் அதிகமா காட்டும், மத்ததைவிட சின்னது, அதனாலயே மாசக்கணக்குல யார் கண்ணுலயும் படாம இருக்கும்.

## அறிகுறி: வேகத்தோட வடிவம் பாக்க அழகான பரவளையமா இருக்கு

ஷியர் தின்னிங் இங்க் நடுவுல தட்டையா, சுவர்கிட்ட சடார்னு இறங்கணும். நடு வேகத்தை சராசரி வேகத்தால வகுங்க. 2 வந்தா உங்க இங்க் தண்ணி மாதிரி ஓடுது, இன்டெக்ஸ் 0.4ன்னா 1.57 வரணும், 0.2ன்னா 1.33.

2 வந்ததுக்கு காரணம் பத்துக்கு ஒன்பது தடவை நியூமேக்ஸ்தான். வேற ஏதோ கேஸ்ல இருந்து காப்பியான நியூமேக்ஸ் 0.001க்குக் கீழ உக்காந்திருக்கும், நம்ம சுவர் விஸ்காசிட்டியே அடர்த்தியால வகுத்த கணக்குல 0.00113, அப்ப மொத்தக் குழாயும் அந்த வரம்புல முட்டி ஒரே விஸ்காசிட்டியா ஆயிடும். விஸ்காசிட்டி ஃபீல்டோட மினிமம் மேக்சிமம் பாருங்க, ரெண்டும் ஒண்ணுன்னா வேற தேட வேண்டாம்.

## அறிகுறி: மெஷ்ஷை நுணுக்க நுணுக்க மேக்சிமம் ஸ்ட்ரெஸ் ஏறிட்டே போகுது

இது தப்பு இல்ல, நீங்க தப்பான இடத்தைப் பாக்குறீங்க. சிரிஞ்சுல இருந்து ஊசிக்குள்ள நுழையற கூர்மையான மூலையில கணக்குப்படியே ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லை கிடையாது, செல்லை எவ்வளவு சின்னதாக்கினாலும் இன்னும் ஏறும். அந்த நம்பரை எடுத்து "இங்க் 4 கிலோபாஸ்கல் அனுபவிக்குது"ன்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க, தயவுசெஞ்சு. நிஜ ஊசியில அந்த மூலை கொஞ்சமாவது மழுங்கித்தான் இருக்கும், 20 மைக்ரான் வளைவு கொடுத்து ஓட்டுங்க, இல்லன்னா ஊசியோட நடுப்பகுதியில சுவர் ஸ்ட்ரெஸ்ஸை எடுங்க, அது 624க்குப் பக்கத்துல நின்னுடும்.

நடுப்பகுதி ஸ்ட்ரெஸ்ஸே மெஷ்ஷுக்கு மெஷ் மாறுதுன்னா ஆரத்துல செல் பத்தல. சுவர்கிட்ட நெருக்கமா, ஆரத்துக்கு 30 செல்லாவது வைங்க. கூம்புல கடைசிப் பகுதிக்குத்தான் செல்லைச் செலவு பண்ணணும்: முனை ஆரம் 0.1, மேல் ஆரம் 1.5 மி.மீ இருக்குற கூம்புல ஆரம் 0.2ல இருந்து 0.1க்கு இறங்குற அந்தக் கடைசி 7 சதவீத நீளத்துலதான் மொத்த பிரஷர்ல பாதிக்கு மேல விழுது.

## அறிகுறி: சிமுலேஷன் கைக்கணக்கோட ஒத்துப்போகுது, பிரிண்டரோட ஒத்துப்போகல

இங்கதான் நேரம் போகும், பொறுமையா இருங்க. முதல்ல எவ்வளவு விலகுதுன்னு எதை வச்சு சொல்றீங்க? கண்ணால பாத்து "வந்துருது"ன்னு சொல்றது கணக்குல சேராது. மூடி போட்ட சின்ன டியூப்ல 60 செகண்ட் இங்க்கைப் பிடிச்சு அனலிட்டிகல் பேலன்ஸ்ல எடை போடுங்க. நம்ம உதாரணத்துல நிமிஷத்துக்கு சுமார் 19 மில்லிகிராம் வரணும். மூடாம விட்டா தண்ணி ஆவியாகி எடை ஏமாத்திடும்.

இன்னொண்ணு, பிரஷர் வச்சு ஓட்டுற பிரிண்டர்ல சின்னத் தப்பு பெருசா தெரியும். இன்டெக்ஸ் 0.4ன்னா பிரஷர் 10 சதவீதம் ஏறினா ஃப்ளோ 27 சதவீதம் ஏறும். ஊசி விட்டம் 5 சதவீதம் பெருசுன்னா ஃப்ளோ 31 சதவீதம். அதனால ஃப்ளோ 30 சதவீதம் விலகிடுச்சுன்னு மாடலைத் திட்டாதீங்க, 27 கேஜ் பாக்கெட்ல ஒரே விட்டத்துல எல்லா ஊசியும் இருக்கும்னு யாரும் சத்தியம் பண்ணல. மைக்ரோஸ்கோப்ல முனையைப் பாத்து உள்விட்டத்தை அளந்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

### எண்ணெய் டெஸ்ட்

விலகல் இதைவிடப் பெருசுன்னா இந்த டெஸ்ட்தான் ரோட்டை ரெண்டா பிரிக்கும். 1000 சென்டிஸ்டோக் சிலிக்கான் ஆயிலை அதே மாதிரி சிரிஞ்சுல அடைச்சு, அதே பாக்கெட் புது ஊசியில, 100 கிலோபாஸ்கல்ல விடுங்க. இது ஷியர் தின்னிங் எல்லாம் பண்ணாத சாதுவான திரவம், 0.2 மி.மீ விட்டம், 12.7 நீளத்துக்கு நிமிஷத்துக்கு 18ல இருந்து 19 மில்லிகிராம் வரணும். அப்புறம் அந்த சிரிஞ்சையும் ஊசியையும் தூக்கிப் போட்டுடுங்க, செல் போற பக்கம் கொண்டுபோகாதீங்க.

எண்ணெயும் ஒத்துப்போகலன்னா தப்பு மெஷின் பக்கம். பிளஞ்சர் உராய்வை முதல்ல பாருங்க: காலி சிரிஞ்சுல பிளஞ்சரை வச்சு பிரஷரை மெதுவா ஏத்துங்க, எப்ப நகருதோ அந்த அளவு உராய்வுலயே போகுது. 150 கிலோபாஸ்கல்ல ஓட்டும்போது இது பெருசா தெரியாது, 20, 30ல ஓட்டுறவங்களுக்கு பாதியை முழுங்கிடும். அடுத்து ஹோஸ், கனெக்டர் லீக். அப்புறம் கேஜ், ரெகுலேட்டர்கிட்ட காட்டுறதும் சிரிஞ்சு மேல நிஜமா இருக்குறதும் ஒண்ணான்னு ஒரு டி கனெக்டர் போட்டு வேற கேஜ்ல பாருங்க. ரெண்டும் விலகினா ரெகுலேட்டரை நீங்க கழட்டாதீங்க, பிரிண்டர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க, கேலிப்ரேஷன் அவங்க வேலை.

எண்ணெய் ஒத்துப்போகுது, இங்க் மட்டும் கணக்கைவிட அதிகமா கொட்டுதுன்னா: ரியோமீட்டர்ல போட்ட இங்க்கும் பிரிண்டர்ல இருக்குற இங்க்கும் ஒண்ணுதானா? ஆரம்பத்துல சொன்ன 158க்கும் 60க்கும் கதை இதுதான். ரியோமீட்டருக்குப் போனது ஆட்டோகிளேவ் (சூடான நீராவியில கிருமி நீக்கம்) பண்ணாத ஆல்ஜினேட், பிரிண்டர்ல போனது ஆட்டோகிளேவ் பண்ணினது. சூட்டுல ஆல்ஜினேட்டோட நீளச் சங்கிலி அறுந்து விஸ்காசிட்டி இறங்கிடும். அந்தத் தம்பி மூணு வாரம் மெஷ்ஷை மாத்தி மாத்தி ஓட்டினான், பாவம், தப்பு மெஷ்ல இல்லவே இல்ல. பாக்கெட் மாறினாலும் ஆல்ஜினேட் மாறும், புது லாட் வந்தா புதுசா ரியோமீட்டர் போடுங்க.

இங்க்கும் அதேதான்னா சுவர்ல வழுக்குதான்னு பாக்கணும். இதுக்கு ஒரு சுலபமான ஏற்பாடு இருக்கு: 27 கேஜ் அரை இன்ச் ஊசிக்கும் 22 கேஜ் ஒரு இன்ச் ஊசிக்கும் நீளம்-விட்டம் விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணு, 63ம் 62ம். ரெண்டுலயும் ஒரே பிரஷர் கொடுத்தா சுவர் ஸ்ட்ரெஸ் ஒண்ணாத்தான் இருக்கும், அப்ப 8 × வேகம் ÷ விட்டமும் ஒண்ணா வரணும். சின்ன ஊசியில அது தெளிவா அதிகமா வந்தா இங்க் வழுக்குது. அப்ப சுவர்ல வேகம் பூஜ்யம்னு போட்ட உங்க பவுண்டரி கண்டிஷன்தான் தப்பு, ரியோமீட்டர் டேட்டாலயும் வழுக்கல் கலந்திருக்கும், சொரசொரப்பான பிளேட் போட்டு மறுபடி அளக்கணும்.

இங்க் கணக்கைவிட கம்மியா வருதுன்னா: அடைப்பு, ஊசி மாத்திப் பாருங்க. குமிழி, சிரிஞ்சைத் தட்டி வெளிச்சத்துல பாருங்க. அதுக்கு அப்புறம் ரியோமீட்டர் டேட்டா. உங்க டேட்டா எந்த ஷியர் ரேட் வரைக்கும் இருக்கு? நிறைய பேர் 100 வரைக்கும் அளந்துட்டு ஊசியில 550க்கு அப்படியே கோட்டை நீட்டிடறாங்க. அதுக்கு மேல அளந்தாலும் பிளேட் ஓரத்துல இங்க் பிச்சுக்கிட்டு வெளிய வந்தா விஸ்காசிட்டி நிஜத்தைவிட கம்மியா பதிவாகும், கிராஃப்ல ஒரு இடத்துல திடீர்னு சரிவு கூடினா அந்தப் பாயின்ட்டுக்கு அப்புறம் எதையும் ஃபிட்ல சேர்க்காதீங்க. ஃபிட்டையும் லாக்-லாக்ல போடுங்க, சாதா ஸ்கேல்ல போட்டா மெதுவான ஷியர் ரேட்ல இருக்குற பெரிய விஸ்காசிட்டி நம்பர்கள்தான் ஃபிட்டை இழுத்துக்கும், ஊசிக்குத் தேவையான பக்கம் கோணலாயிடும்.

நுழையற இடத்து நஷ்டத்தையும் பாத்துடுங்க. 27 கேஜ்லயே அரை இன்ச், ஒரு இன்ச் ரெண்டு ஊசி எடுத்து, ஒரே ஃப்ளோ வர்ற பிரஷரை ரெண்டுக்கும் கண்டுபிடிங்க. சின்னதோட பிரஷரை ரெண்டால பெருக்கி பெருசோட பிரஷரைக் கழிச்சா மிச்சம் வர்றது ஊசி நீளத்துக்கு சம்பந்தமில்லாத நஷ்டம். பிளஞ்சர் உராய்வும் அதுக்குள்ள அடக்கம், அதைக் கழிச்சுடுங்க. மிச்சம் மொத்தத்துல 20 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா இங்க்ல எலாஸ்டிக் குணம் பலமா இருக்கு, பவர் லா மாடலால அதைப் பிடிக்க முடியாது.

## அறிகுறி: முதல் பத்து நிமிஷம் ஒத்துப்போகுது, அப்புறம் நழுவுது

ஜெலட்டின் கலந்த இங்க்னா முதல் சந்தேகம் சூடு. சிரிஞ்சு ஹீட்டர் 28 காட்டும், ஆனா ஊசி வெளிய தொங்குது, மெட்டல் ஊசி சூட்டை உடனே விட்டுடும், மேல ஏசி காத்து நேரா அடிச்சா முனையில இங்க் உறைய ஆரம்பிச்சிடும். ஜெலட்டின் உறையற சூட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு ரெண்டு டிகிரியே விஸ்காசிட்டியை எங்கயோ கொண்டுபோயிடும். ஏசி காத்தைத் திருப்பி விட்டுப் பாருங்க, காசே செலவில்ல. அதுல சரியாகலன்னா ஊசிக்கு ஹீட்டர்.

சூடு மாறாம இருந்தும் நழுவுதுன்னா, ஜெலட்டின் ஒரே சூட்டுல வச்சிருந்தாலும் நேரம் போகப் போக இறுகிட்டே இருக்கும். ரியோமீட்டர்ல பத்தாவது நிமிஷம் அளந்துட்டு பிரிண்டர்ல ஒரு மணி நேரம் ஓட்டினா எப்படி ஒத்துப்போகும்? 10, 30, 60 நிமிஷத்துல தனித்தனியா அளந்து மூணு ஃபிட் வச்சுக்கோங்க. ஃப்ளோ குறையாம கூடிட்டே போனா செல் அடியில படியுதான்னு பாருங்க, சிரிஞ்சோட மேல் இங்க்லயும் கீழ் இங்க்லயும் செல் எண்ணிக்கை எடுத்தா தெரிஞ்சுடும்.

## அறிகுறி: ஃப்ளோ சரி, ஆனா இழை சிமுலேஷனைவிட தடிமனா வருது

முதல்ல நாஸில் நகர்ற வேகம். இங்க் 10ல வந்து நாஸில் 6ல நகர்ந்தா இழை 0.2க்கு பதிலா 0.26 வரணும், அது வீக்கமே இல்ல, கணக்கு. இங்க் ஊசி முனை வெளிப்பக்கம் ஏறி ஒட்டுதான்னும் பாருங்க.

காத்துல தொங்கவிட்டு முனைக்குக் கீழ ஒரு மில்லிமீட்டர்ல ஃபோட்டோ எடுங்க, அதுக்குக் கீழ போனா எடை இழுத்து மெலிஞ்சிடும். தண்ணி மாதிரி சாதா திரவமே இவ்வளவு மெதுவான ஓட்டத்துல 13 சதவீதம் வரைக்கும் வீங்கும், ஷியர் தின்னிங் மாடல் அதைவிட கம்மியாதான் சொல்லும். உங்க ஃபோட்டோல 40, 50 சதவீதம் வீங்கியிருந்தா அது எலாஸ்டிக் வேலை, நியூமேக்ஸை மாத்தி, மெஷ்ஷை மாத்தி அதைக் கொண்டுவர முடியாது. ஓப்பன்ஃபோம் மேல ஓடுற ரியோடூல் மாதிரி விஸ்கோஎலாஸ்டிக் சால்வர் வேணும், அதுக்கு ஆசிலேஷன் டெஸ்ட் டேட்டாவும் வேணும், அது தனி உலகம். இந்தக் கட்டத்துல தனியா முட்டி மோதாம ரியாலஜி பண்ற ஒருத்தரோட சேர்ந்து பண்ணுங்க.

## அறிகுறி: ஸ்ட்ரெஸ் கம்மின்னு மாடல் சொல்லுது, ஆனா செல் சாகுது

இதுல உயிருள்ள பொருள் சம்பந்தப்பட்டிருக்கு, அதனால மாடலை நம்பி சீக்கிரம் முடிவெடுக்காதீங்க. மூணு டியூப் வைங்க: இங்க்ல கலந்து பிரிண்ட் பண்ணாத செல், ஊசி இல்லாம சிரிஞ்சு வாய் வழியா மட்டும் தள்ளின செல், ஊசி வழியா போன செல். மூணையும் ஒரே நேரம் வெளிய வச்சு, உடனே ஒரு தடவை, 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை எண்ணுங்க. உடனே எண்ணினா கிழிஞ்ச செல்தான் தெரியும், அடிபட்டு மெதுவா சாகறது மறுநாள்தான் தெரியும்.

முதல் டியூப்லயே செத்திருந்தா ஊசிக்கு சம்பந்தமே இல்ல, இங்க்கோட உப்பு அளவு, பிஎச், இன்குபேட்டருக்கு வெளிய காத்திருந்த நேரம் இதெல்லாம் பாருங்க. ரெண்டாவதுல செத்திருந்தா சிரிஞ்சுல அடைக்கிற, தள்ளுற விதம். கலக்குற முறையோட அடி முதல் டியூப்லயே தெரியும், அதையும் பாருங்க. ரெண்டு சிரிஞ்சை லூயர் கனெக்டர்ல மாட்டி அம்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுறீங்களே, அந்தக் கனெக்டரும் ஒரு நாஸில்தான், அதை யாரும் மாடல் பண்றதில்ல.

மூணாவதுல மட்டும் செத்திருந்தா, மறுபடி மாடலுக்கு வாங்க. செல் சாவு வெளியான ஆய்வுகள்ல பெரும்பாலும் சில கிலோபாஸ்கல் ஸ்ட்ரெஸ் தாண்டும்போதுதான் தெளிவா கூடுது, நம்ம உதாரணத்து 624 பாஸ்கல் அதுக்கு ரொம்பக் கீழ. ஆனா ஸ்ட்ரெஸ் எவ்வளவுங்கறதோட எவ்வளவு நேரம்ங்கறதும் சேரும். சராசரி செல் ஊசியில 1.3 செகண்ட் இருக்கும், சுவர் ஓரத்துல போறது அதைவிடப் பல மடங்கு நேரம் இருக்கும். கூம்புல நடுக்கோட்டுல போற செல்லுக்கு ஷியர் இல்லன்னாலும் வேகம் சடார்னு ஏறும்போது இழுவை உண்டு, நீங்க சுவர் ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் பிளாட் பண்ணியிருந்தா அது கண்ணுக்கே தெரியாது. ஸ்ட்ரீம்லைன் போட்டு, ஒவ்வொரு பாதையிலயும் ஸ்ட்ரெஸ்ஸை நேரத்தோட சேர்த்து எடுங்க.

அதுக்கும் விடை வரலன்னா செல் கல்ச்சர் பாக்குறவங்களையும் ரியாலஜி பாக்குறவங்களையும் ஒரே மேஜைல உக்கார வைங்க. போகும்போது கையில இருக்க வேண்டியது: மூணு டியூப் எண்ணிக்கை, இங்க் லாட் நம்பர், ஸ்டெரிலைஸ் பண்ண முறை, மைக்ரோஸ்கோப்ல அளந்த ஊசி விட்டம், எண்ணெய் டெஸ்ட் எடை, லாக்-லாக் ஃபிட், அந்தக் கைக்கணக்கு பேப்பர். சிமுலேஷன் கலர் படம் கடைசியா எடுத்துக் காட்டினா போதும்.